வாளால் வென்றதும் வாழ்வால் நின்றதும்

உலக வரலாற்றைப் பயிலுந்தோறும் நம் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுவதுண்டு. ஒரு கூட்டத்தார் படை நடத்திச் சென்று பிறிதொரு நாட்டைக் கைப்பற்றுகின்றனர். குருதி சிந்தப்படுகின்றது, ஊர்கள் அழிகின்றன, பெண்டிரும் சிறாரும் சிறைபிடிக்கப்படுகின்றனர். ஆயினும் நூறு, இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னர் அதே நாட்டில் கல்வி தழைக்கின்றது, வாணிகம் செழிக்கின்றது, தோற்றவரின் வழித்தோன்றல்கள் வென்றவரின் மொழியிலேயே அரிய நூல்களை இயற்றுகின்றனர். இந்நிலையில், பின்னர் விளைந்த நன்மை முன்னர் இழைத்த தீமையைக் கழுவிவிடுமா? அன்றி, முன்னர் இழைத்த தீமை பின்னர்ப் பிறந்தோர் அனைவர் மீதும் பழியாய்ப் படியுமா? இவ்விரு வினாக்களையும் அறத்தின் பக்கம் நின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்கு உரிய சான்றாகக் கி.பி. ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளில் நிகழ்ந்த அரபுப் பேரரசின் விரிவை எடுத்துக்கொள்வோம். மேற்காசியாவிலும் வடஆப்பிரிக்காவிலும் இன்று பேசப்படும் மொழியும், பின்பற்றப்படும் சமயமும், அங்கே நிலவும் பிரிவுகள் பலவும் அந்த நூறாண்டுகளில் வேர்கொண்டவை. மேலும், இப்பொருள் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரு முனைகளில் நிற்கக் காண்கின்றோம். ஒரு சாரார், எல்லாம் வாளால் வந்தவையே என்பர். மற்றொரு சாரார், வாளுக்கு அங்கே வேலையே இருந்ததில்லை என்பர். இவ்விரண்டும் விருப்பு வெறுப்பின்பாற்பட்ட கூற்றுகள். வரலாறு காட்டும் உண்மை இவ்விரண்டிற்கும் அப்பாற்பட்டது.

நூறாண்டில் எழுந்த பேரரசு

முகம்மது நபி அவர்கள் கி.பி. 632-இல் மறைந்தார்கள். அவருக்குப்பின் தலைமை ஏற்ற அபூபக்கர் இரண்டே ஆண்டுகளில் அரபு நாட்டுக் குலங்களை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்தார். அடுத்து வந்த கலீபா உமரின் காலத்தில் (634 – 644) அரபுப் படைகள் பாலைவனத்தின் எல்லையைத் தாண்டி, அக்காலத்தின் இருபெரும் வல்லரசுகளோடு மோதின. 636-இல் யர்மூக் ஆற்றங்கரையில் கீழை உரோமப் படை முறியடிக்கப்பட்டது. சிரியா முழுவதும் கைமாறியது. 638 அளவில் எருசலேம் சரணடைந்தது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் காதிசிய்யாப் போரில் பாரசீகப் பெரும்படை தோற்றது. 642-இல் நகாவந்துப் போர் பாரசீகத்தின் கதவுகளைத் திறந்துவிட்டது. நாடிழந்து திரிந்த கடைசி சாசானிய மன்னர் மூன்றாம் யஸ்தகிர்து 651-இல் மெர்வு நகருக்கு அருகே கொல்லப்பட்டார். 642-இல் அலெக்சாந்திரியாவை உரோமர் விட்டு நீங்கினர். 711-இல் அரபு, பெர்பர் வீரர்கள் ஸ்பெயினில் கால் வைத்தனர். அதே காலத்தில் கிழக்கே சிந்து நாடும் வீழ்ந்தது. முகம்மது நபி மறைந்து எண்பது ஆண்டுகள் நிறைவதற்குள் அட்லாண்டிக் கடல் முதல் சிந்து நதி வரை ஒரே ஆட்சி பரவிவிட்டது.

இவ்வளவு விரைவாக இவ்வளவு பெரிய மாற்றம் நிகழ்ந்ததெப்படி? வீரமும் சமய ஆர்வமும் மட்டுமே இதற்குக் காரணமாகா. உரோமப் பேரரசும் பாரசீகப் பேரரசும் 602 முதல் 628 வரை இருபத்தாறு ஆண்டுகள் ஒன்றையொன்று அழிக்கப் போரிட்டன. பாரசீகர் எருசலேமைச் சூறையாடினர். உரோமர் பாரசீகத்தின் உள்நாடு வரை சென்று பழிதீர்த்தனர். கருவூலங்கள் வறண்டன, வயல்கள் பாழாயின. பாரசீக மன்னர் இரண்டாம் குஸ்ரோ 628-இல் தம் மகனின் அரசாட்சிக்கு வழிவிட்டுக் கொலையுண்டார். இரு யானைகள் மோதிக் களைத்து நின்ற களத்தில்தான் மூன்றாமவர் புகுந்தனர். பிறரை அழிக்கச் செலவிடும் வலிமை, தம்மைக் காக்கும் வேளையில் உதவாது போகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஒரே நாட்டின் இரு சாட்சியங்கள்

எகிப்து நாட்டுக் கிறித்தவர்களின் நிலை இங்குக் கருதத்தக்கது. காப்டிக் திருச்சபையினராகிய அவர்கள், கிறிஸ்துவின் இயல்பு பற்றிய கோட்பாட்டு வேறுபாட்டால் கான்ஸ்தாந்திநோபிள் அரசினால் நெடுநாள் துன்புறுத்தப்பட்டனர். ஒரே கிறித்துவை வணங்கிய அரசே அவர்களைச் சிறையிட்டது, அடித்தது. அவர்தம் தலைமைக் குரு பெஞ்சமின் பத்தாண்டுகளுக்கும் மேலாக மறைந்து வாழ்ந்தார். எகிப்தை வென்ற அரபுத் தளபதி அம்ர் அவருக்குப் பாதுகாப்பு உறுதி அளித்தார். பெஞ்சமின் வெளிப்பட்டுத் தம் சபையை மீண்டும் நடத்தினார். இதனால் புதிய ஆட்சியை விடுதலையாகக் கண்டவர் பலர்.

ஆனால் அதே காப்டிக் சபையைச் சேர்ந்த ஆயர் ஒருவர், நிக்கியு நகரத்து யோவான், அந்நூற்றாண்டின் இறுதியில் எழுதிய வரலாற்று நூலில் வேறொரு காட்சியையும் காட்டுகின்றார். தம் நகருக்குள் புகுந்த படையினர் தெருவிலும் கோயிலிலும் கண்டவரையெல்லாம் ஆண், பெண், குழந்தை என்று பாராது கொன்றதை அவர் பதிவு செய்துள்ளார். மக்கள் மீது ஏற்றப்பட்ட வரிச்சுமையையும் குறிப்பிடுகின்றார். எனினும் அவரே, இத்துன்பம் உரோம அரசன் செய்த கொடுமைக்குக் கிடைத்த தண்டனை என்றும் கருதுகின்றார்.

ஒரே நாடு, ஒரே சமயம், ஒரே தலைமுறை. ஒருவருக்குக் கிட்டியது விடுதலை. மற்றவருக்குக் கிட்டியது படுகொலை. இவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை மறைப்பது வழக்காடுவோரின் வழியாகலாம். அறம் நாடுவோரின் வழியாகாது. பெஞ்சமினின் விடுதலையைச் சொல்லும் நா நிக்கியுவின் தெருக்களையும் சொல்லியாக வேண்டும். நிக்கியுவைச் சொல்லும் நா பெஞ்சமினை மறத்தலாகாது.

சிந்து நாட்டிலும் இதனையே காண்கின்றோம். முகம்மது பின் காசிம் என்னும் இளந்தளபதி 711 – 712-இல் படையெடுத்து வந்தபோது, தேபல் துறைமுகம் தாக்கிப் பிடிக்கப்பட்டது. அங்கே மூன்று நாள்கள் கொலை நடந்ததாக 892-இல் மறைந்த அரபு வரலாற்றாசிரியர் அல்பலாதுரியே எழுதியுள்ளார். அதே தளபதி, சில மாத முற்றுகைக்குப்பின் சரணடைந்த அரோர் நகரில், உயிர்க்கொலை செய்வதில்லை என்றும் கோயிலுக்கு ஊறு செய்வதில்லை என்றும் ஒப்புக்கொண்டார். கிறித்தவர், யூதர் ஆகியோரின் வழிபாட்டிடங்களையும் பாரசீகரின் தீக்கோயில்களையும் போன்றே இக்கோயிலும் கொள்ளப்படும் என்று அறிவித்தார். இச்செய்தியைத் தருபவரும் அல்பலாதுரியேயாவர். ஒரு மனிதரின் ஒரே படையெடுப்பில் கொடுமையும் இசைவும் அடுத்தடுத்து நின்றன. எதிர்த்தவருக்கு வாளும் பணிந்தவருக்கு வரியும் என்பது அக்காலப் பேரரசுகள் பலவற்றின் பொதுமுறையே. பொதுமுறை என்பதனால் அது குற்றமற்றதாகிவிடாது.

வாள் செய்தது எது, செய்யாதது எது?

வாள் முனையில் நிறுத்தி மக்களை மதம் மாற்றினர் என்னும் கருத்து பரவலாக உள்ளது. முதல் நூற்றாண்டின் ஆட்சிமுறையை நோக்கினால் அது பொருந்தவில்லை. அரபு வீரர்கள் வென்ற மக்களிடையே கலந்து குடியேறவில்லை. இராக்கில் பஸ்ரா, கூபா, எகிப்தில் புஸ்தாத், துனீசியாவில் கைரவான் எனப் படைநகர்கள் தனியே எழுப்பப்பட்டன. வீரர்களின் பெயர்கள் பதிவேட்டில் எழுதப்பெற்று, அவர்களுக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்கப்பட்டது. அத்தொகை, வெல்லப்பட்ட மக்கள் செலுத்திய நிலவரியிலிருந்தும், ஜிசியா எனப்படும் தலைவரியிலிருந்தும் வந்தது. எனவே, மக்கள் தத்தம் சமயத்திலேயே இருந்து வரி செலுத்துவதே ஆட்சியாளருக்கு ஊதியமாக இருந்தது.

இதன் விளைவு வியப்புக்குரியது. இராக்கின் ஆளுநர் அல்ஹஜ்ஜாஜ் காலத்தில், இஸ்லாத்தைத் தழுவிய உழவர்கள் வரிச்சலுகை பெறாமல் தம் ஊர்களுக்கே திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களிடம் பழைய வரியே வாங்கப்பட்டது. கருவூலம் குறைந்துவிடும் என்பதே காரணம். 717 முதல் 720 வரை ஆண்ட கலீபா இரண்டாம் உமர் இதனை மாற்ற முயன்றார். சமயம் மாறியவரிடம் தலைவரி வாங்கலாகாது என ஆணையிட்டார். சமயத்தின் பெயரால் எழுந்த ஆட்சி, அச்சமயத்தில் சேர வந்தவரைப் பணத்தின்பொருட்டுத் தடுத்தது! ஆட்சி வேறு, அருள்நெறி வேறு என்பதை இந்நிகழ்ச்சி ஒன்றே காட்டப் போதுமானது.

இவ்வாறு கூறுவதனால், மக்கள் விரும்பியவாறெல்லாம் வாழ்ந்தனர் என்று கொள்ளலாகாது. தலைவரி என்பது பணம் மட்டுமன்று. தாழ்ந்த நிலையின் அடையாளமும் ஆகும். 850-இல் கலீபா அல்முதவக்கில், பிற சமயத்தார் தேன்நிறத் துணியால் தம்மை வேறுபடுத்திக் காட்ட வேண்டும் என ஆணை பிறப்பித்தார். எகிப்தில் எட்டாம் நூற்றாண்டு முதலே வரிச்சுமை தாளாது காப்டியர் பலமுறை கிளர்ந்தெழுந்தனர். 832-இல் கலீபா அல்மஃமூன் தாமே படையுடன் வந்து அவர்தம் பெருங்கிளர்ச்சியை அடக்கினார். ஒருவன் கழுத்தில் வாளை வைத்து மாறு என்று சொல்வது ஒருவகை. மாறாதிருந்தால் நீயும் உன் மக்களும் என்றும் இரண்டாம் நிலையினரே என்று வாழ்நாள் முழுதும் உணர்த்துவது மற்றொரு வகை. இரண்டாவது வகையில் குருதி தெரிவதில்லை. ஆனால் அங்கும் மனம் முழு உரிமையோடு தேர்ந்ததாகச் சொல்ல இயலாது.

மாற்றம் மெல்லவே வந்தது. கலீபா அப்துல் மலிக் காலத்தில் (685 – 705) அலுவலகங்களில் கிரேக்கம், பாரசீகம் ஆகியவற்றின் இடத்தை அரபு மொழி பெறலாயிற்று. அரபு எழுத்துகளை மட்டும் தாங்கிய நாணயங்கள் வெளிவந்தன. அரசுப்பணி வேண்டுவோர் அம்மொழி கற்றனர். திருமணம், வாணிகம், அண்டை அயலாரின் பழக்கம், துறவோர் சிலரின் நல்லொழுக்கம் ஆகியன எல்லாம் சேர்ந்து, பல தலைமுறைகளில் பெரும்பாலோரை இஸ்லாத்தின்பால் கொணர்ந்தன. பத்தாம் நூற்றாண்டில் காப்டிக் ஆயர்களே அரபு மொழியில் நூலெழுதத் தொடங்கினர். நாட்டைப் பிடிக்கச் சில ஆண்டுகள் போதுமாயிருந்தன. நெஞ்சம் மாறப் பல நூற்றாண்டுகள் ஆயின.

திரும்பி வந்த வாள்

வென்றவர்க்கு அவ்வெற்றி தந்தது என்ன? எருசலேம் சரணடையக் கண்ட கலீபா உமர், 644-இல் மதீனாவில் தொழுகையின்போது குத்துண்டு மாண்டார். குத்தியவன் பாரசீகத்திலிருந்து அடிமையாகக் கொணரப்பட்ட ஒருவன். அடுத்த கலீபா உதுமானை 656-இல் முற்றுகையிட்டுக் கொன்றவர்கள் அயல்நாட்டார் அல்லர். எகிப்திலும் இராக்கிலும் நிறுவப்பட்ட படைநகர்களிலிருந்து திரண்டு வந்தவர்களே. நான்காம் கலீபா அலீ 661-இல் கூபா நகரில் கொலையுண்டார். 680-இல் முகம்மது நபியின் பெயரர் ஹுசைன், கர்பலா வெளியில் தம் சிறு கூட்டத்தோடு கொல்லப்பட்டார். அவர்மீது ஏவப்பட்ட படை புறப்பட்ட இடமும் கூபாவே. பிறநாட்டாரை வெல்வதற்கென எழுப்பிய பாசறை, அரை நூற்றாண்டு கழிவதற்குள் தம் நபியின் குடும்பத்தையே பலிகொண்டது.

ஷியா, சுன்னி என்னும் பிரிவு அந்நாள்களின் புண்ணிலிருந்து வளர்ந்தது; ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்புண் ஆறவில்லை. 740-இல் வடஆப்பிரிக்கப் பெர்பர் மக்கள், தாம் இஸ்லாத்தைத் தழுவிய பின்னரும் வெல்லப்பட்டவர்களாகவே நடத்தப்படுவதைப் பொறாது கிளர்ந்தனர். 750-இல் குராசான் நாட்டிலிருந்து எழுந்த புரட்சி உமையா அரசகுலத்தையே வீழ்த்தியது. அப்புரட்சிக்கு வலிமை சேர்த்தோருள், சமயம் மாறியும் சமநிலை பெறாத பாரசீகர் பலர் இருந்தனர். வெற்றியின் ஆதாயத்தைப் பங்கிடுவதில் எழும் பகை, வெற்றியை ஈட்டிய கைகளையே முதலில் வெட்டுகின்றது. இதனைத் தெய்வத் தண்டனை என்று சொல்ல நாம் முற்படவில்லை. படையால் ஆன ஆட்சி, தன் வழக்குகளையும் படையாலேயே தீர்த்துக்கொள்ளப் பழகிவிடும் என்பதே நாம் காணும் காரணகாரியத் தொடர்பாகும்.

நன்மைக்கு வித்து எது?

இனி, முதல் வினாவுக்கு வருவோம். 762-இல் நிறுவப்பட்ட பாக்தாத் நகரில் கிரேக்க, பாரசீக, இந்திய அறிவுச்செல்வங்கள் அரபு மொழியில் பெயர்க்கப்பட்டன. நம் நாட்டுப் பஞ்சதந்திரக் கதைகள் பாரசீகம் வழியாக அரபுமொழி சென்று, அங்கிருந்து ஐரோப்பா எங்கும் பரவின. இந்திய வானியல் நூல்களும், சுழியுடன் கூடிய எண்முறையும் அங்கே கற்கப்பட்டு, அல்குவாரிஸ்மி போன்றோர் வழியாக உலகுக்குக் கிட்டின. இவை மறுக்கவியலாத நன்மைகள். 'படையெடுப்பு நிகழாதிருந்தால் இவை நிகழ்ந்திருக்குமா?' என்று கேட்போர் உளர். பல நாடுகள் ஓர் ஆட்சியின்கீழ், ஒரு மொழியின்கீழ் வந்தமையால் அறிஞர்கள் கூடுவது எளிதாயிற்று என்பது உண்மையே. அதனை நாம் மறைக்க வேண்டுவதில்லை.

ஆயினும் அந்நன்மையைச் செய்தவர் எவர் என்று பார்ப்போம். கிரேக்க மருத்துவ நூல்களை மொழிபெயர்த்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறித்தவர். பஞ்சதந்திரத்தை அரபாக்கிய இப்னுல் முகஃபா பாரசீகர். பாக்தாதின் அறிவு முயற்சிகளை ஆதரித்த பர்மகீ அமைச்சர்களின் முன்னோர் பல்கு நகரத்துப் பௌத்த விகாரத்தின் காப்பாளர்கள். மொழிபெயர்ப்புக்கு வேண்டியவை பொறுமை, பொருளுதவி, அயலான் கூறுவதைச் செவிமடுக்கும் பணிவு ஆகியன. இவற்றுள் எதனையும் போர்க்களம் கற்பிப்பதில்லை. போர் ஓய்ந்த பின்னரே, போரின் இயல்புக்கு மாறான குணங்களால் அந்நன்மை விளைந்தது.

அறிவு பரவப் படை வேண்டுவதில்லை என்பதற்கு அதே காலத்துச் சான்று ஒன்றும் உண்டு. யர்மூக்கிலும் நகாவந்திலும் போர் நடந்த அவ்வாண்டுகளில்தான், யுவான் சுவாங் என்னும் சீனத் துறவி நம் நாட்டில் பயணம் செய்துகொண்டிருந்தார். 629 அளவில் புறப்பட்ட அவர் 645-இல் 657 நூல்களோடு தம் நாடு திரும்பி, எஞ்சிய வாழ்நாளை மொழிபெயர்ப்பிலேயே கழித்தார். ஒரு பேரறிவுத் தொகுதி மலைகளையும் பாலைவனங்களையும் கடந்து சென்றது. அதன்பொருட்டு ஒரு நகரும் எரிக்கப்படவில்லை. இஸ்லாமே கூட அப்படிப் பரவியது உண்டு. இன்று உலகிலேயே மிகுதியான முஸ்லிம்கள் வாழும் நாடுகளுள் ஒன்றாகிய இந்தோனேசியாவுக்கு அரபுப் படை எதுவும் சென்றதில்லை. அங்கே வணிகரும் சமய அறிஞரும் சென்றனர். நம் தமிழகக் கடற்கரையூர்களிலும் அச்சமயம் மரக்கலங்களின் வழியே வந்தது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களாக எழுந்தது தமிழிலேயாம்.

எனவே, பின்வந்த நன்மை தனிக்கணக்கு. முன்செய்த தீமை தனிக்கணக்கு. பாக்தாதின் நூலகத்தைக் காட்டி நிக்கியுவின் குழந்தைகளுக்கு ஈடுசெய்ய இயலாது. கொலையுண்டவர் அந்நன்மையில் பங்கு பெறவும் இல்லை. அதன்பொருட்டுத் தம் உயிரைத் தர இசையவும் இல்லை. ஒருவர் உயிரை விலையாக வைத்து மற்றொருவர் பெறும் ஆதாயத்தைக் கழித்துக் கூட்டிச் சரியென்று காட்டுவது வணிகக் கணக்காகவும் நில்லாது.

எஞ்சி நின்றவர்களின் துயரம்

நிலைத்த விளைவுகளுள் மிகுந்த துயருடையது பாரசீகத்தின் பழஞ்சமயத்தார் கதை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அந்நாட்டில் சிறந்து விளங்கிய ஜொராஸ்டிர சமயத்தார் படிப்படியாகச் சிறுபான்மையினராயினர். அவர்களுள் ஒரு பகுதியினர் கடல் கடந்து குஜராத்தின் சஞ்சான் கரையை அடைந்தனர், அவர்களே பார்சிகள். பாரசீகத்திலேயே தங்கியவர்கள் யஸ்து, கிர்மான் பகுதிகளில் வறுமையோடும் இழிவோடும் போராடினர். இந்தியப் பார்சிகளின் சார்பில் 1854-இல் அங்குச் சென்ற மானக்ஜி லிம்ஜி ஹத்தாரியா பல்லாண்டுகள் மன்றாடி உழைத்ததன் பயனாக, 1882-இல் அவர்கள் மீதிருந்த ஜிசியா வரி நீக்கப்பட்டது. ஏழாம் நூற்றாண்டில் விதித்த வரி பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை தொடர்ந்தது! 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் பார்சிகள் 57,264 பேர். ஈரானில் அச்சமயத்தார் தொகை இதனினும் குறைவு. சிறுபான்மையாய் வாழும் எந்த மக்களும் இந்த எண்களைக் கண்டு நெஞ்சம் கனக்காதிருக்க முடியாது.

எனினும் பாரசீகம் முற்றும் அழிந்துவிடவில்லை. எகிப்தும் சிரியாவும் தம் பழமொழிகளைப் பேச்சிலிருந்து பெரும்பாலும் இழந்தன. பாரசீகரோ சமயம் மாறியும் மொழியை இழக்கவில்லை. 1010 அளவில் பிர்தௌசி என்னும் முஸ்லிம் கவிஞர், இஸ்லாத்துக்கு முற்பட்ட பாரசீக மன்னர்களின் வரலாற்றை ஷாநாமா என்னும் பெருங்காப்பியமாகப் பாடி முடித்தார். தன் முன்னோரின் தோல்வியை நினைந்து வருந்தும் ஒருவன், வென்றவரின் சமயத்தைப் பழியாமல், தன் மொழியைப் பேணிக் காத்து அத்துயரை ஆற்றிக்கொள்ள முடியும் என்பதற்கு அவர் சான்றாக நிற்கின்றார்.

பழியை யார்மேல் ஏற்றுவது?

இரண்டாம் வினா எஞ்சியுள்ளது. அன்று நிகழ்ந்த கொடுமைக்கு இன்று வாழ்பவர் பொறுப்பாவரா? இங்கே உணர்ச்சிவயப்பட்டோர் மறந்துவிடும் ஓர் உண்மையை வாசகர்கள் கருத வேண்டும். பாலைவனத்திலிருந்து வந்த அரபு வீரர்கள், தாம் வென்ற மக்கள்தொகையை நோக்க மிகச் சிறு கூட்டத்தினர். ஆகவே இன்றைய எகிப்து, ஈரான், சிந்து ஆகிய நாடுகளின் முஸ்லிம்களுள் பெரும்பாலோர் வென்றவரின் வழியினர் அல்லர், தோற்றவரின் வழியினரே. நிக்கியுவில் தப்பிப் பிழைத்தவரின் வழியில் வந்தோரும், தேபலில் உறவினரை இழந்தோரின் வழியில் வந்தோரும் இன்று முஸ்லிம்களாக இருக்கலாம். 'உங்கள் முன்னோர் கொன்றனர்' என்று அவர்களிடம் நாம் பழி பேசினால், கொல்லப்பட்டவரின் மக்களையே கொன்றவராக்கி விடுகின்றோம். ஒருவேளை அவர் உண்மையிலேயே வென்ற வீரரின் வழியினராக இருந்தாலும், தாம் பிறப்பதற்கு நாற்பது தலைமுறைகளுக்கு முன் நடந்ததில் அவருக்கு என்ன பங்கு உண்டு? வினை செய்தவனுக்கே உரியது; அது நிலம்போல் வழிவழி உரிமையாக இறங்குவதன்று.

மற்றொன்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். அளவுகோல் ஒன்றாக இருந்தாலொழிய அளவைக்குப் பொருளில்லை. 782-இல் கிறித்தவப் பேரரசர் சார்லிமேன், வெர்தன் என்னுமிடத்தில் 4,500 சாக்சனியரை ஒரே நாளில் வெட்டிக் கொன்றதாக அவர்தம் அரசவைக் குறிப்பே கூறுகின்றது. நாமும் நம் மன்னர்களின் படையெடுப்புகளைப் பள்ளிப் பருவம் முதலே பெருமிதத்தோடு பயின்று வந்துள்ளோம். 1025-இல் இராசேந்திர சோழரின் கடற்படை ஸ்ரீவிஜயத் துறைமுகங்களைத் தாக்கியதைப் புகழ்கின்றோம். கலிங்கப் போரைப் பாடிய பரணியின் சொல்லழகில் திளைக்கின்றோம். அங்கே வீழ்ந்தவருக்கும் தாய் இருந்தாள். எரிந்த ஊரிலும் தொட்டில் ஆடியது. இன்னா செய்யாமையை அறமெனக் கொண்ட நமக்கு, அயலான் ஏந்திய வாள் கொடிது, நம்மவன் ஏந்திய வாள் அழகிது என்று கூறும் உரிமை இல்லை. பிறரின் வெற்றிகளைக் கண்டிக்க விழைவோர் நம் மெய்க்கீர்த்திகளையும் அதே கண்ணால் படிக்கக் கடமைப்பட்டவராவர்.

அப்படியாயின் பழையவற்றை மறந்துவிடலாமா எனின், மறத்தலும் அறமன்று. மறைக்கப்பட்ட துயரம் வதந்தியாகி, வதந்தி வெறுப்பாகி, வெறுப்பு மீண்டும் வாளாகும். நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு, கூட்டாமலும் குறையாமலும் எழுதிவைக்க வேண்டும். தேபலின் மூன்று நாள்களை எழுதிவைத்தவர் வென்றவரின் சமயத்தைச் சேர்ந்தவரே என்பதை முன்னர்க் கண்டோம். தம்மவர் செய்ததைத் தாமே பதிவு செய்யும் அந்நேர்மை எல்லாச் சமூகத்தாருக்கும் வேண்டும். அவ்வாறு எழுதியபின், துன்புற்றவரின் வழியினர்க்கு இன்று செய்யத்தக்கது ஒன்றுண்டு: அவர்தம் எஞ்சிய வழிபாடும் மொழியும் வாழ்வும் இனியேனும் இடரின்றி இருக்கத் துணைநிற்றல். மானக்ஜி ஹத்தாரியா செய்தது அதுவே. அவர் 651-ஆம் ஆண்டுக்குப் பழிவாங்கச் செல்லவில்லை, தம் காலத்தில் வரி செலுத்த இயலாது வருந்திய உழவனுக்காகச் சென்றார், முஸ்லிம் மன்னரின் அவையில் பணிவோடு எடுத்துரைத்தார், வரி நீங்கியது.

சுருங்கக் கூறின், படையெடுப்பினால் விளைந்த தீமையைத் தீமையென்றே சொல்லுவோம். பின்னர்ப் பூத்த நன்மையை நன்மையென்றே ஏற்போம். ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழிக்க முற்படாதிருப்போம். சென்ற நூற்றாண்டுகளின் பழியை இன்று நம் தெருவில் நடந்து செல்லும் ஒருவரின் தோளில் ஏற்றாதிருப்போம். நம் வீட்டுச் சிறுவர்கள் வரலாற்று நூலைத் திறந்து, 'இவர்கள் ஏன் அவர்களைக் கொன்றார்கள்?' என்று கேட்கும்போது, வெறுப்பைக் கலவாமலும் உண்மையை மறைக்காமலும் விடைகூற நாம் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.